கோடைக்கு லைட் ப்ளூவா, பிரைட் கிரிஸ்டலா?

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் மே மாத வெயிலில் மின்சார ரயிலில் அலுவலகம் சென்று வரும் எனக்கு, தினமும் பூசிக்கொள்ளத்தக்க மெல்லிய பூமணமுள்ள சென்ட் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உங்கள் உதவி தேவைப்படுகிறது.

டோல்ச்சே அண்ட் கபானா 2001இல் வெளியிட்ட லைட் ப்ளூ, வெர்சாச்சே 2006இல் வெளியிட்ட பிரைட் கிரிஸ்டல் ஆகிய இரண்டில் ஒன்று என்பது வரை முடிவு செய்துவிட்டேன். லைட் ப்ளூவில் எலுமிச்சையும் ஆப்பிளும் முதலில் எழுந்து, பின்னர் மல்லிகையும் வெள்ளை ரோஜாவும் தலைகாட்டி, இறுதியில் தேவதாரு மரத்தின் உலர்ந்த வாசம் தங்குகிறது. அந்த மரவாசம்தான் எனக்குத் தயக்கம் தருகிறது. பிரைட் கிரிஸ்டலோ யூசு என்னும் எலுமிச்சை இனப் பழம், மாதுளை ஆகியவற்றின் இளம்புளிப்போடு தொடங்கி, பியோனி, தாமரை, மக்னோலியா என்று பூக்களின் பக்கமே சாய்ந்துவிடுகிறது. கடையில் காகிதப் பட்டையில் முகர்ந்தபோது எனக்கு இதுவே பிடித்திருந்தது. ஆனால், ஏசி அறையில் காகிதத்தில் தெரிந்த மணத்தை நம்பி, வியர்வை படியும் தோலுக்கு வாங்குவது சரியாகப் படவில்லை. (விலையும் அப்படி யோசிக்காமல் வாங்கும் அளவில் இல்லை.)

இரண்டுமே ஓ டி டாய்லெட் எனப்படும், மணப்பொருள் செறிவு குறைந்த வகை என்பதாலும், வெப்பத்தில் மணப்பொருள்கள் விரைந்து ஆவியாகும் என்பதாலும், நாள் முழுவதும் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மதிய உணவு வரை நீடித்தால் போதும். இவற்றை நம் ஊர்ப் புழுக்கத்தில் பயன்படுத்தியவர்கள், வியர்வையோடு கலக்கும்போது எது தெளிவாக இருக்கிறது, எது தித்திப்பாகத் திரிந்து நெரிசலில் அருகிலிருப்பவருக்குத் தலைவலி தருகிறது என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். துணியில் தெளித்தால் கறை படியுமா என்பதையும் குறிப்பிடுங்கள்.