லெப்பர்ட் கெக்கோ பல்லி முட்டை 20-வது நாளில் குழி விழுது, தண்ணி எப்படி சேர்க்கலாம்?

கெக்கோ வளர்க்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க. ஒரே ஈட்டு முட்டை ரெண்டு. மூடி போட்ட டப்பா, 100 கிராம் வெர்மிகுலைட்டுக்கு (ஈரம் பிடிச்சு வைக்கிற கனிமத் துகள்) 100 கிராம் தண்ணி, சூடு 28 டிகிரி (சூட்டைப் பொறுத்துதான் ஆணா பெண்ணான்னு அமையும்; பெண் குட்டி வேணும், அதான்). பென்சில் புள்ளி வச்ச பக்கம் மேலேயே இருக்கு, புரட்டவே இல்லை. டார்ச் அடிச்சா ரெண்டிலும் சிவப்பு நரம்பு தெரியுது.

ஆனா ஒண்ணு மட்டும் கட்டைவிரலால அமுக்கின மாதிரி குழிஞ்சிருக்கு. பொரிக்கிற நேரத்துல குழிஞ்சா சகஜம். இப்பவேன்னா ஈரம் போதலைன்னு அர்த்தம். டப்பாவை எடை போட்டா முதல் நாளை விட 9 கிராம் குறையுது.

அந்த 9 மில்லியை, அதே 28 டிகிரி சூட்டில், முட்டையில் படாம ஓரமா ஒரே தடவையில் ஊத்தலாமா, ரெண்டு மூணு நாளாப் பிரிக்கணுமா? ஸ்பிரே பண்ணச் சொல்லாதீங்க, ஓட்டு மேல தண்ணி நின்னா பூஞ்சைதான். மூடியில 4 ஊசித்துளை இருக்கு. ரெண்டை டேப் ஒட்டி அடைச்சா காத்து போதுமா?