காய்ச்சல் காட்டாத தொற்று: பணியில் கண்ட சில அனுபவங்கள்

மருத்துவ வார்டுச் செவிலியர் எழுதித் தொடங்கியது

தொற்று என்றதும் கை முதலில் வெப்பமானியைத் தேடுகிறது. அந்தப் பழக்கம் என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது. அதை எழுதிவைக்கிறேன், இதுபோல் உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா, முடக்குவாதத்துக்காக எட்டு ஆண்டுகளாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மி.கி. எடுத்து வந்தவர், தலைசுற்றலும் குமட்டலும் என்று வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். முதல் நாள் போர்வையைத் தாமே மடித்துக் கால்மாட்டில் வைத்தவர், மறுநாள் காலை அது தரையில் பாதி தொங்குவதைக்கூடக் கவனியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “என்னம்மா செய்கிறது?” என்று கேட்டேன். “ஒன்றுமில்லை சிஸ்டர், அசதிதான்” என்றார். வெப்பநிலை 37.1 டிகிரி செல்சியஸ். சார்ட்டில் முந்தைய மூன்று பணிநேரங்களிலும் மூச்சு எண்ணிக்கை 18 என்றே எழுதப்பட்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 26. இரத்த அழுத்தம் 92/58. வெள்ளணுக்கள் 14,000 என்று வந்திருந்த முடிவை, ‘ஸ்டீராய்டு எடுப்பவருக்கு இப்படித்தான் இருக்கும்’ என்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார்கள். அது முழுத் தவறும் அல்ல. இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளணுக்களை ஸ்டீராய்டு ஓட்டத்துக்குள் இறக்கிவிடுவதால் எண்ணிக்கை உயர்ந்துதான் காட்டும். ஆனால் அதே மருந்து, அந்த அணுக்கள் குழாயைவிட்டு வெளியேறித் தொற்று உள்ள இடத்துக்குச் செல்வதைக் குறைத்துவிடுகிறது. எண்ணிக்கையில் நிறைவு, வேலையில் குறைவு.

என்னை உலுக்கியது விரல்நுனிச் சர்க்கரை. தொற்று இருந்தால் சர்க்கரை ஏறவேண்டும், ஸ்டீராய்டு எடுத்தாலும் ஏறவேண்டும். அவருக்கோ 64 இருந்தது. மகளிடம் துருவிக் கேட்ட பிறகுதான், சேருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மாத்திரை விழுங்கிய சற்று நேரத்தில் வாந்தி வந்துகொண்டிருந்ததும், வார்டிலும் இரண்டு முறை அப்படி ஆனதும், ‘பெரிதாகச் சொல்ல என்ன இருக்கிறது’ என்று அவர்கள் எங்களிடம் சொல்லாமல் விட்டதும் தெரியவந்தன.

5 மி.கி. பிரெட்னிசோலோன் என்பது உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனுக்கு ஏறத்தாழ ஈடானது. அதைப்போல் இரு மடங்கு எட்டு ஆண்டுகள் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால், மூளையிலுள்ள ஹைப்போதலாமசும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியும் தாம் ஆணையிடத் தேவையில்லை என்று அடங்கிவிடுகின்றன; ஆணை வராததால், கார்டிசோலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி சுருங்கிவிடுகிறது. கடும் தொற்றின்போது நலமுள்ள உடல் கார்டிசோலைப் பன்மடங்கு உயர்த்தும். இந்த அம்மாவின் உடலால் உயர்த்தவும் முடியவில்லை, வழக்கமான மாத்திரையும் வயிற்றில் தங்கவில்லை. சோடியம் 124 என்று தாழ்ந்து வந்தது. பொட்டாசியம் இயல்பாகவே இருந்தது, ஏனெனில் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும் அல்டோஸ்டிரோன் ஹார்மோனின் சுரப்பு பெரும்பாலும் பிட்யூட்டரியை நம்பி இருப்பதில்லை.

மருத்துவர் வந்ததும் இரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுக்கப்பட்டன. கார்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. சிரைவழி கொடுத்து, சலைனும் ஆன்டிபயாடிக்கும் தொடங்கினோம், சர்க்கரைக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். மதியத்துக்குள் அழுத்தம் 110-ஐத் தாண்டியது. சிறுநீரகத் தொற்று என்று பின்னர் உறுதியானது. காய்ச்சல் கடைசிவரை வரவே இல்லை. காய்ச்சலை உண்டாக்க இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற செய்தி மூலக்கூறுகள் எழுந்து, அவற்றால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் உருவாகி, உடலின் வெப்ப அளவுகோல் மேலே நகர வேண்டும். அந்தப் பாதையில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஸ்டீராய்டு குறுக்கே நிற்கிறது. வாந்தியால் கடைசி நாள்களின் அளவு குறைந்திருந்தும், நெடுநாள் எடுத்ததன் தாக்கம் விலகவில்லை என்றே நினைக்கிறேன்.

கீமோதெரபிப் பிரிவிலிருந்து

எங்கள் பிரிவில் காய்ச்சல் ஒன்றுதான் பல நேரங்களில் கிடைக்கும் ஒரே அறிகுறி. அதையும் அழித்துவிட்டு வந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்றாவது சுற்று மருந்து முடிந்து பத்தாம் நாள் வந்த இளைஞர் அவர். மருந்துக்குப் பின் ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள்தான் வெள்ளணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கும். மார்பில் பதித்த குழாயின் வாய்ப்பகுதியைச் சுட்டி, “இங்கே தொட்டால் வலிக்கிறது” என்றார். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, கசிவு இல்லை, வெப்பநிலை 37.6. என்னோடு இருந்த பயிற்சி மாணவி ‘இடம் சுத்தமாக இருக்கிறது’ என்று எழுதப் போனார், நான் தடுத்தேன். சீழ் என்பதில் பெரும்பகுதி, தொற்றோடு போராடி மடிந்த நியூட்ரோபில்கள்தாம். நியூட்ரோபில்லே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? அவருடைய இரத்த முடிவில் மொத்த வெள்ளணு 900, அதில் நியூட்ரோபில் 20 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் 180. 500-க்குக் கீழே போனாலே கடுமையான குறைவு என்று கொள்கிறோம்.

வீட்டில் உடம்பு கதகதப்பாக இருக்கிறது என்று பாரசிட்டமால் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்பது, ‘இன்று என்னென்ன மாத்திரை எடுத்தீர்கள்’ என்று பெயர் பெயராகக் கேட்டபோதே வெளிவந்தது. மருத்துவரிடம் சொல்லிக் கல்ச்சர் எடுத்துவிட்டு, வெப்பநிலை ஏறுவதற்காகக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கினோம். நான்கு மணி நேரத்தில் 38.4 காட்டியது. இந்த நோயாளிகளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏறிவிட வேண்டும் என்பதே விதி. ஆசனவாயில் வெப்பமானி வைப்பதும் தசை ஊசி போடுவதும் இவர்களுக்குத் தவிர்க்கப்படுவன. அங்கே ஏற்படும் சிறு கீறலும் கிருமிக்கு வாசலாகிவிடும்.

தைராய்டு சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர்

சுருக்கமாக ஒன்று. தைராய்டு மிகைச்சுரப்புக்குக் கார்பிமசோல் தொடங்கி ஆறாவது வாரத்தில் இருந்த பெண் ஒருவர், தொண்டைவலிக்கு வேறோரிடத்தில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு மூன்று நாள் கடத்தியிருந்தார். வேறு ஐயத்துக்காகத் தொலைபேசியில் அழைத்தபோது குரல் கரகரப்பாக இருக்கவே, விசாரித்தேன். மாத்திரையை அன்றே நிறுத்தி வந்து இரத்தம் கொடுக்கச் சொன்னோம். நியூட்ரோபில் ஏறத்தாழ இல்லை என்ற நிலை. ஹார்மோனை அடக்கக் கொடுக்கும் மருந்து மிகச் சிலருக்கு வெள்ளணுக்களை வற்றவைத்துவிடுகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். ‘தொண்டைவலியோ காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்து, அதே நாளில் இரத்தம் பார்’ என்ற ஒரு வரியை எழுதிக் கொடுத்தோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தாள் அவர் வீட்டில் எந்தப் பெட்டிக்குள் இருந்தது என்பது வேறு செய்தி. இப்போதெல்லாம் அந்த வரியை அவர்களையே என்னிடம் திருப்பிச் சொல்லவைக்கிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து

முதலில் எழுதிய சகோதரி வெள்ளணுக்களைப் பற்றிச் சொன்னதைத் தொடர்ந்து, இன்சுலின் போதாமல் இரத்தம் அமிலமாகும் நீரிழிவு கீட்டோஅமிலத்தன்மையில் அது இரண்டு பக்கமும் ஏமாற்றும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். தொற்றே இல்லாவிட்டாலும் அந்த நிலையின் அழுத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறும். தொற்று இருந்தாலும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் வெப்பநிலை இயல்பாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும்.

முதல் வகை நீரிழிவு உள்ள இருபது வயதுப் பெண், ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்கியபடி வந்தார். வெப்பநிலை 36.2, வெள்ளணு 19,000. இரண்டு நாளாகச் சாப்பிட முடியாததால், ‘சாப்பிடாதபோது இன்சுலின் எதற்கு’ என்று நிறுத்தியிருந்தார். காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்தோம். சிரைவழி இன்சுலின் எடைக் கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் என்று ஓடியது. இன்சுலின் பொட்டாசியத்தை அணுக்களுக்குள் தள்ளிவிடும் என்பதால் அதை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் சாப்பிட முடியாமற்போனது எதனால் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

விடை கிடைத்தது மறுநாள் அதிகாலை, ஈரத்துணியால் உடம்பு துடைக்கும்போது. தொடையிடுக்கில் துணி பட்டதும் அவர் உடல் விறைத்தது. எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. கூச்சத்தால் அவர் தாயிடம்கூடச் சொல்லவில்லை. தொற்று வந்ததும் அட்ரினலின், கார்டிசோல், குளூகோகான் எல்லாம் எழுந்து இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கின்றன. இன்சுலின் தேவை கூடும் அந்த நேரத்தில்தான் அவர் அதை நிறுத்தியிருக்கிறார். கட்டி கீறிச் சீழ் வெளியேற்றப்பட்ட பிறகே, முதல் நாள் முழுக்க அடம்பிடித்த சர்க்கரை சீராக இறங்கத் தொடங்கியது. உடம்பு துடைப்பதை உதவியாளர் வேலை என்று நினைப்பவர்களிடம் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்

எல்லாம் சரி; ஒரு மறுப்பும் உண்டு. இவற்றைப் படிக்கும் இளையவர்கள், ஸ்டீராய்டு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் இல்லாததையே தொற்றுக்குச் சான்றாகக் கொண்டு ஆன்டிபயாடிக் கேட்கத் தொடங்கினால், அடுத்த மாதம் என் பட்டியலில் ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து குடலில் பெருகும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியின் வயிற்றுப்போக்குகள் ஏறும். அதன் விதைத்துகள்களை ஆல்கஹால் கைத்தேய்ப்பு கொல்லாது, சோப்பும் நீரும்தான் வேண்டும் என்பதையும் நான் மறுபடி ஒவ்வொரு வார்டாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கும். முதலில் எழுதியவர் சரியாகச் செய்தது ஆன்டிபயாடிக்கை முன்வைத்தது அல்ல. மூச்சு, அழுத்தம், முகத்தெளிவு மூன்றும் ஒருசேர மாறியதைக் கண்டதும், முதல் டோசுக்கு முன் கல்ச்சர் போனதும்தான்.

இன்னொன்று. முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் எடுப்பவர்களுக்கு, அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சி.ஆர்.பி. பார்த்து மனம் ஆற வேண்டாம். அந்த மருந்து இன்டர்லூகின்-6-இன் வழியை அடைக்கிறது, கல்லீரல் சி.ஆர்.பி.யைச் செய்வதே பெரும்பாலும் அதன் தூண்டுதலால்தான். கடும் தொற்றிலும் அந்த எண் அசையாமல் இருக்கலாம்.

கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது: அந்த மூன்று 18-களை எழுதியவர்களை யாராவது விசாரித்தார்களா?

அடிசன் நோயுடன் வாழ்பவர்

நான் செவிலியர் அல்ல. சிஸ்டர்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதத் தோன்றியது. 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்த அதே நோய். எனக்கு அட்ரீனல் சுரப்பிகளே பழுதாகிவிட்டன. உள்ளங்கை ரேகைகளும் ஈறும் கறுத்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்குப் போனபோது, கையிலிருந்த, என் நோயைக் குறித்த அட்டையை நீட்டி ஹைட்ரோகார்டிசோன் ஊசி கேட்டேன். இரத்த முடிவு வரட்டும், காய்ச்சலும் இல்லையே என்று உட்காரவைத்தார்கள். இரண்டாவது மணி நேரத்தில் நாற்காலியிலிருந்து சரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. முதலில் எழுதிய சிஸ்டரிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் நோயாளிக்குத் தோல் கறுத்திருந்ததா?

தொடங்கியவர் மீண்டும்

இல்லை ஐயா, அவருக்குக் கறுத்திருக்கவில்லை. உங்களுக்கு அட்ரீனல் பதில் தராததால் பிட்யூட்டரி, அட்ரீனலுக்கு ஆணையிடும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை மேன்மேலும் சுரக்கிறது. அதுவே தோலின் நிற அணுக்களையும் தூண்டிவிடுகிறது. அவருக்குப் பிட்யூட்டரியே அடங்கிப்போனதால் அந்த ஹார்மோனே குறைவு. நிறத்தை நம்பிக் காத்திருந்தால் என் நோயாளியைத் தவறவிட்டிருப்போம். உங்களைப் போன்றவர்களுக்கு ஐயம் எழுந்தாலே ஊசி முதலில், பரிசோதனை முடிவு பிறகு என்பதுதான் முறை; அந்த ஒரு டோசால் கெடுதல் வந்துவிடாது. உங்களை உட்காரவைத்தது தவறு.

தொற்றுக் கட்டுப்பாட்டுச் சகோதரியின் மறுப்பை ஏற்கிறேன். அந்த அம்மா வீடு திரும்பும்போது நாங்கள் முக்கியமாகச் சொல்லி அனுப்பியதும் ஆன்டிபயாடிக்கைப் பற்றி அல்ல. காய்ச்சலோ தொற்றோ வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் எழுதித்தந்தபடி கூட்டிக்கொள்ள வேண்டும், ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது, விழுங்கியது வாந்தியில் போனால் மறுமுறை விழுங்கியும் தங்காவிட்டால் ஊசிக்கு வந்துவிட வேண்டும் என்பவற்றை மகள் எழுதி எடுத்துக்கொண்டார்.

உங்கள் கேள்விக்கு: விசாரணை எதுவும் நடக்கவில்லை. மூன்று 18-களில் நடுவில் இருந்தது என் கையெழுத்து. முந்தைய நாள் பணி முடியும் அவசரத்தில், மார்பைப் பார்க்காமல், மேலே இருந்த எண்ணைப் பார்த்து எழுதினேன்.