இரண்டு விரல் தூரம்

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே ஓடும் ஓயாவில்தான் நீந்தப் பழகினேன், அம்மாவுக்குத் தெரியாமல். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் யாரோ மூழ்கிவிட்டார்கள் என்று காதில் விழுந்தாலே போதும், ஒரு மாதத்துக்குத் தண்ணீர்ப் பக்கம் எங்களை விடமாட்டார்.

புலமைப்பரிசில் சித்தியடைந்து கண்டிக்குப் போன பிறகுதான் நீச்சல் தடாகம் என்ற ஒன்றையே பார்த்தேன். முதல் போட்டியில் தவளை நீச்சலில் இரண்டாவதாக வந்தேன். ஆனால் தகுதி நீக்கம். உதைக்கும்போது என் பாதம் வெளிப்பக்கம் திரும்பவில்லையாம். ஓயாவில் அதை யார் பார்த்தார்கள்! அப்புறம் மாஸ்டர் என்னைத் தடாகக் கரையில் குப்புறப் படுக்கவைத்து, கணுக்கால் இரண்டையும் பிடித்துக் குதிகாலைப் பின்னுக்கு இழுத்து, பெருவிரல் வெளியே பார்க்கும்படி திருப்பி, "இப்ப தள்ளு" என்பார். சிமெந்து முழங்காலைத் தேய்த்துவிடும். மூன்று மாதம் அதே வேலை.

அதனால்தான் பிரித்தானியத் தவளை நீச்சல் வீரர் ஆடம் பீட்டி எனக்கு இவ்வளவு நெருக்கம். குளியல் தொட்டி ஓட்டை வழியாகச் சுறா வரும் என்று அண்ணன்மார் பயங்காட்டி, சின்ன வயதில் தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய பிள்ளை அவர். பயிற்சியாளர் மெல் மார்ஷலுக்கு அவருடைய ஃப்ரீஸ்டைல் பெரிதாகத் தெரியவில்லை. தவளை நீச்சலைப் பார்த்ததும்தான் அசந்துபோனார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 57.13 வினாடியில் நீந்தித் தங்கம். 2019இல் குவாங்ஜு உலகச் சம்பியன்ஷிப்பில் 56.88. 57 வினாடிக்குக் கீழே போன முதல் ஆள் அவர்தான். டோக்கியோவில் இன்னொரு தங்கம்.

ஆனால் நான் அதிகம் மதிப்பது அதற்குப் பிந்திய பீட்டியை. 2023இல் மனநலத்துக்காகப் போட்டியிலிருந்து ஒதுங்கினார். குடியோடு போராடியதையும் மறைக்காமல் சொன்னார். எங்கள் லயங்களில் குடியால் சரிந்த வீடுகள் எத்தனையோ எனக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னவர்களைத்தான் அதிகம் கண்டதில்லை.

சரி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வருகிறேன். இங்கே நள்ளிரவு ஒரு மணி தாண்டிவிட்டது. நல்ல குளிர். அக்கா மகனும் நானும் ஒரே கம்பளிக்குள் ஃபோனைப் பார்த்தபடி இருந்தோம். இத்தாலியின் மார்ட்டினெங்கி 59.03. பீட்டியும் அமெரிக்காவின் நிக் ஃபிங்கும் 59.05, இருவருக்கும் வெள்ளி. மறுநாள் பீட்டிக்குக் கோவிட் என்று செய்தி வந்தது.

"மாமா, இந்த ரெண்டு எவ்வளவு தூரம்?" என்றான். அந்த வேகத்தில் நூறில் இரண்டு வினாடி என்றால் மூன்றரை சென்றிமீற்றர்கூட வராது. இரண்டு விரலை ஒட்டிவைத்துக் காட்டினேன். அவன் தன் விரல்களையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தான்.

அடுத்த சனிக்கிழமை கண்டி பஸ்ஸில் என் பக்கத்தில் துவாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காதான் மடித்துக் கொடுத்தார்.