கலைச்சொல்: வீட்டுரிமையாளர் சங்கத்தின் ‘அசெஸ்மென்ட்’, ‘லியன்’

> அசெஸ்மென்டுக்குச் ‘சந்தா’, லியனுக்கு ‘அடமானம்’ போதாதா?

போதாது, ஐயா. சந்தாவை வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். அமெரிக்காவில் இத்தகைய சங்கத்தின் எல்லைக்குள் வீடு வாங்கியவர், வீடு தம் பெயரில் உள்ளவரை கட்டியே ஆகவேண்டும். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதுபோல, பொதுச்செலவை வீடுகளுக்குப் பங்கிட்டு விதிக்கிறார்கள். ‘வரி’ அரசுக்கே இருக்கட்டும். இதற்குப் ‘பங்கீட்டுத் தொகை’ என்பதை முன்வைக்கிறேன். அடமானம் உரிமையாளரே எழுதிக்கொடுப்பது. லியன், கட்டாத பாக்கிக்காக, அவர் கையெழுத்தில்லாமலே சொத்தின்மேல் சங்கத்துக்கு ஏறும் உரிமை. அதற்குப் ‘பற்றுரிமை’ பொருந்தும்.

> அபராதம், வட்டி எல்லாவற்றையும் சேர்த்துச் ‘சங்க நிலுவை’ என்றே சொல்லலாமே?

அதை மட்டும் செய்யவேண்டாம். சட்டம் தனித்தனியாகப் பார்ப்பதை இச்சொல் ஒன்றாக்கிவிடும். கலிபோர்னியாவில் 2006 முதல், பங்கீட்டுத் தொகை மட்டும் 1,800 டாலரை எட்டினால், அல்லது பாக்கி 12 மாதத்தைத் தாண்டினால்தான் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். மாதம் 120 டாலர் வீதம் பத்து மாதப் பாக்கி 1,200. தாமதக் கட்டணம் 120. வக்கீல் செலவு 600. கூட்டினால் 1,920 வருகிறது, ஆனாலும் ஏலம் விடமுடியாது. கணக்கில் வருவது 1,200தான். அபராதத்தைப் பங்கீட்டுத் தொகையாகக் காட்டி, நீதிமன்றம் போகாமல் ஏலம் விடவும் முடியாது. கொலராடோவும் 2022இல், வெறும் அபராதத்துக்காக வீட்டை ஏலம் விடுவதைத் தடுத்தது. தாமத வட்டிக்கு 8% உச்சவரம்பு வைத்து, 18 மாதத் தவணையும் தரச்சொன்னது.

வரவு வைப்பதிலும் இதே பிரிவினை உண்டு. கலிபோர்னியாவில் உரிமையாளர் அனுப்பும் பணத்தை முதலில் பங்கீட்டுத் தொகையில்தான் கழிக்கவேண்டும். அது தீர்ந்த பிறகே வட்டியும் வக்கீல் செலவும். பல சங்கங்கள் சறுக்குவது இங்கேதான்: வக்கீல் செலவை முதலில் எடுத்துக்கொண்டு, அசல் அப்படியே நிற்பதாகக் காட்டுகிறார்கள்.

கலிபோர்னியாவில் பற்றுரிமையைக் கவுன்டியின் (மாவட்டம் போன்ற அமைப்பின்) பதிவகத்தில் பதிவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே, இனவாரிக் கணக்குடன் சர்டிஃபைடு மெயிலில் அறிவிப்பு போகவேண்டும். பதியும் முடிவை நிர்வாகக் குழு திறந்த கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கால் எடுக்கவேண்டும். மேலாளரோ வக்கீலோ எடுக்கமுடியாது. இந்த அறிவிப்பு விதிகளை அச்சுப் பிசகாமல் பின்பற்றவேண்டும் என்று 2013இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் போகாமல் ஏலம் நடந்தாலும், 90 நாளுக்குள் பணம் கட்டி வீட்டை மீட்கலாம். இதற்கு ‘மீட்புரிமை’ என்ற பழஞ்சொல்லே போதும்.

> கணக்கியலில் ‘பற்று’ என்றால் டெபிட். குழப்பம் வராதா?

‘பற்றுரிமை’ என்று முழுதாக எழுதினால் வராது. குழப்பம் வரக்கூடிய இடம் ஒன்றுதான்: பாக்கி தீர்ந்ததும் 21 நாளுக்குள் பதியவேண்டிய விடுவிப்பு ஆவணம். ‘பற்று நீக்கம்’ என்று சுருக்கினால், பேரேட்டில் ஒரு வரியை அடித்தாலே போதும் என்று பொருளாளர் நினைக்கக்கூடும். கவுன்டிப் பதிவகத்தில் வீடு சிக்கியபடியே கிடக்கும். அதனால் ‘பற்றுரிமை விடுவிப்புப் பத்திரம்’ என்றே பட்டியலில் சேர்ப்போம்.