கோவாப் போத்தலில் வெள்ளைப் படலம்: கொட்டவா, வைக்கவா?

வாவிக்கரை (கல்லடி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோவாவையும் கரட்டையும் மெல்லியதாய்ச் சீவி, உப்புப் போட்டுப் பிசைந்து, பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றில் அமத்தி வைத்திருக்கிறேன். வினாகிரி ஒரு சொட்டும் விடவில்லை. நான் பார்த்த வீடியோவில் மூன்று நாலு கிழமை வெளியில் வைக்கச் சொல்கிறார்கள், ஆனால் அந்த மனிசன் இருக்கிறது ஜெர்மனியில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்று கதைக்கிறார். இங்கே வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம், இரவிலும் குசினி வெக்கை ஆறுவதில்லை. வைத்து அடுத்த நாளே நுரை கிளம்பி, மூடியால் தண்ணீர் வழிந்து மேசைச் சீலை மஞ்சளாகிப் போனது.

இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை, ருசி பார்த்தால் நல்ல புளிப்பு. பிரச்சினை என்னவென்றால் மேலே வெள்ளையாக ஒரு படலம் வந்திருக்கிறது. அம்மா "கொட்டு வெளியில, பிள்ளைகளுக்குக் குடுத்திராத" என்று நிற்கிறா. கொட்டத்தான் வேணுமா? நம்முடைய சூட்டுக்கு எத்தனை நாள், எவ்வளவு உப்பு? அப்புறம், இதேபோல இஞ்சிச் சோடாவும் வீட்டில் செய்யலாமாம், அதற்கு என்ன போத்தல் நல்லது?

உப்புக்கல் (அக்கரைப்பற்று):

பொறுங்கள் தங்கச்சி, கொட்ட முதல் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படலம் தட்டையாய், கஞ்சி ஆறும்போது மேலே படிகிற ஆடை மாதிரி லேசாய்ச் சுருங்கிக் கிடந்தால் அது ஒருவகை ஈஸ்ட், ஆளுக்குக் கேடு இல்லை, விட்டுவைத்தால் ருசியைத்தான் கெடுக்கும். சுத்தமான கரண்டியால் வழித்தெடுத்து, போத்தலின் உள் விளிம்பைத் துடைத்து, மரக்கறியைத் தண்ணீருக்குக் கீழே தள்ளிவிட்டால் சரி. ஆனால் பஞ்சுபோல் எழும்பி நின்றாலோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று ஏதாவது நிறம் கண்டாலோ அது பூஞ்சணம். அப்போது அம்மா சொல்வதுதான் சரி, மேலே மட்டும் சுரண்டிவிட்டுச் சாப்பிடுகிற வேலை வேண்டாம், முழுப்போத்தலையும் கொட்டுங்கள். கோவா வழுவழுப்பாகி அழுகல் மணம் அடித்தாலும் அதே கதைதான். முதல் ஓரிரு நாள் கோவா கொஞ்சம் நாறத்தான் செய்யும், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

நாள்கணக்குப் பற்றி. வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை, அவருடைய குசினி 18 முதல் 22 பாகை செல்சியஸ், நம்முடையது 30க்கு மேல். உப்புப் போட்ட கோவாவில் முதலில் கிளம்புகிறது லூக்கனொஸ்ரொக் என்ற பற்றீரியா, உங்கள் மேசைச் சீலையைக் கெடுத்த வாயுவும் நுரையும் அதனுடைய வேலைதான். புளிப்பு ஏற ஏற அது ஒதுங்க, புளிப்பைத் தாங்கக்கூடிய லக்ரோபசிலஸ் வகைகள் இடத்தைப் பிடிக்கும். குளிர் நாட்டில் இது ஆறுதலாக நடப்பதால் மணமும் ருசியும் பல அடுக்காய் வரும். இங்கே முதல் கட்டம் சீக்கிரமே முடிந்துவிடும், நேராகப் புளிப்புக்குப் போய்விடும், அதற்குப் பிறகும் வெளியில் வைத்தால் கோவா துவண்டு போவதுதான் மிச்சம். ஆகவே கச்சான் காலத்தில் நாலைந்து நாள், மாரியில் ஒரு கிழமை பத்து நாள், அதுவும் நாக்கைக் கேட்டுத்தான். புளிப்புப் பிடித்ததும் பிரிஜ்ஜில் வையுங்கள், உள்ளே மெதுவாய் இன்னும் பதம் வரும். உங்களுடையதை இன்றைக்கே வைக்கலாம்.

உப்பைக் கரண்டியால் அளக்காமல் நிறுத்துப் போடுங்கள், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குளிர் நாட்டுச் செய்முறைகளில் ஒரு கிலோ மரக்கறிக்கு 20 முதல் 25 கிராம் வரும், நம்முடைய சூட்டுக்கு 30 வைத்தால் புளிப்பு ஓட்டம் கொஞ்சம் அடங்கும், மொறுமொறுப்பும் நிற்கும். தராசு இல்லாவிட்டால் தூளுப்பு மட்டமாய் ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம். கல்லுப்பில் இந்தக் கணக்கு நடக்காது, கல்லின் பருமனைப் பொறுத்து ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வொரு நிறை. அயடீன் உப்பில் புளிக்காது என்று சிலர் எழுதுகிறார்கள், அதை நம்பிக் கடை கடையாய் அலைய வேண்டாம். 1995 இலிருந்து இலங்கையில் சமையல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டம், அந்த உப்பில்தான் நாங்கள் எல்லாரும் செய்கிறோம், நன்றாகவே புளிக்கிறது. தூளுப்பில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாய்த் தெரியலாம், அவ்வளவுதான்.

பொட்டுலிசம், அதாவது காற்றில்லாத இடத்தில் வளர்கிற ஒரு கிருமியின் நஞ்சால் வருகிற நோய் பற்றி யாராவது பயமுறுத்துவார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புளிப்பை அளக்கிற பிஎச் கணக்கில் எண் குறையக் குறையப் புளிப்புக் கூட. அந்தக் கிருமி பிஎச் 4.6க்குக் கீழே வளராது, சரியான உப்பில் புளித்த கோவா அதைத் தாண்டி நன்றாய்க் கீழே இறங்கிவிடும். உண்மையில் பயப்பட வேண்டியது பச்சை உள்ளியை எண்ணெயில் போட்டு மேசையில் வைக்கிற பழக்கத்துக்கு. அங்கே புளிப்பும் இல்லை, காற்றும் இல்லை.

மணற்சேனை (கல்முனை):

இவ்வளவு கரைச்சல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வினாகிரியைக் கொதிக்கவைத்து, கடுகை அரைத்துக் கலந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கரட், பப்பாசிக்காய், கொஞ்சம் பேரீச்சம்பழம் போட்டு மூடினால் அச்சாறு. படலமும் இல்லை, நுரையும் இல்லை, அம்மாவிடம் ஏச்சும் இல்லை.

உப்புக்கல் (அக்கரைப்பற்று):

அச்சாறுக்கு நான் எதிரி இல்லை அண்ணன், புரியாணியோடு என்றால் அதுதான் வேணும். ஆனால் அங்கே புளிப்பைக் கடையில் வாங்கி ஊற்றுகிறோம், இங்கே மரக்கறிக்குள் இருக்கிற சீனியே புளிப்பாகிறது. அதனால் ருசி வேறு. அச்சாறு போடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: போத்தலின் லேபிளைப் படியுங்கள். செயற்கை வினாகிரி என்று இருந்தால் அது அசற்றிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. தென்னங்கள்ளில் வந்த வினாகிரி விலை கூட, ஆனால் அதன் மணத்துக்குச் செயற்கை கிட்டவும் நிற்காது.

இஞ்சிக்காரன் (ஆரையம்பதி):

சோடாக் கேள்விக்கு நான் வருகிறேன். முதலில் புளிக்கவைக்கிற தாய்க்கலவை ஒன்று வேணும். சின்னப் போத்தலில் ஒரு கோப்பை ஆறின தண்ணீர், அதற்குள் தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. தோலைச் சீவக்கூடாது, ஈஸ்ட் இருப்பதே அதில்தான். நன்றாய்க் கழுவினால் போதும். துணியால் மூடி, ஒவ்வொரு நாளும் அதே அளவு இஞ்சியும் சீனியும் போட்டுக் கலக்கி வாருங்கள், நம்முடைய சூட்டுக்கு மூன்று நாலு நாளில் கரண்டி விட்டவுடன் சீறும். போத்தலை ஒரு தட்டில் தண்ணீர் விட்டு அதன் நடுவில் வையுங்கள், இல்லையென்றால் ஊரிலுள்ள எறும்பெல்லாம் உங்கள் வீட்டில்தான்.

பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் தட்டின இஞ்சி ஒரு பிடி, சீனி 100 கிராம் போட்டுக் கொதிக்கவைத்து, முழுதாய் ஆறவிட்டு, தேசிக்காய் பிழிந்து, தாய்க்கலவையில் ஒரு அரைக் கோப்பை வடித்து ஊற்றுங்கள். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், பிறகு காத்திருந்து பிரயோசனம் இல்லை.

போத்தல் விஷயத்தில் விளையாட வேண்டாம். பழைய சாராயப் போத்தல், ஜாம் போத்தல், அழகான சதுரப் போத்தல் எல்லாம் விலக்கு, வாயு முட்டினால் கண்ணாடி துண்டு துண்டாய்ப் பறக்கும். கடைச் சோடா வருகிற பிளாஸ்ரிக் போத்தல்தான் நல்லது, அது வாயுவைத் தாங்கத்தான் செய்தது, அதோடு உள்ளே என்ன நடக்கிறது என்று கையால் தெரியும். மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடுங்கள். காலையில் அமத்தினால் அமிழும், பின்னேரம் கொஞ்சம் விறைக்கும், அடுத்த நாள் அமத்தவே ஏலாமல் கல்லுப்போல் நிற்கும். அந்த நிமிடமே பிரிஜ். நல்லாய்க் குளிர்ந்த பிறகு, கழுவுகிற தொட்டிக்கு மேலே வைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருகித் திறவுங்கள்.

நூறாவின் உம்மா (காத்தான்குடி):

நல்ல விளக்கம், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் தம்பி. சீனியும் ஈஸ்டும் சேர்ந்தால் வாயு மட்டும் வராது, மதுசாரமும் வரும். ஒரு நாள் இரண்டு நாளில் சொற்பம், வெளியில் விட்டுவைத்தால் கூடிக்கொண்டே போகும். எங்கள் வீட்டில் மரக்கறிப் போத்தலுக்கு ஓம், இஞ்சிப் போத்தலுக்கு இல்லை என்று மாமி முடிவாய்ச் சொல்லிவிட்டா. மற்ற வீடுகளில் செய்ய விருப்பம் என்றால் மௌலவியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் யாராய் இருந்தாலும் இதை யோசிக்க வேணும்.

வாவிக்கரை (கல்லடி):

எல்லாருக்கும் பெரிய நன்றி. பார்த்தேன், தட்டைப் படலம்தான், வழித்துவிட்டு பிரிஜ்ஜில் வைத்துவிட்டேன். அம்மா இன்னும் நம்பவில்லை, மணந்து மட்டும் பார்த்தா. இன்னும் இரண்டு கேள்வி. மரக்கறி மிதக்காமல் இருக்கப் பாரம் வைக்க வேணும் என்கிறார்கள், கடற்கரையில் எடுத்த வெள்ளைக் கல் வீட்டில் கிடக்கிறது, கழுவி வைக்கலாமா? மற்றது, கோவா தவிர நம்முடைய மரக்கறி எது சரிவரும்?

பழுகாமத்து அக்கா:

கடற்கரைக் கல்லை வைக்க முதல் அதில் ஒரு துளி வினாகிரி விட்டுப் பார் மகள். பொரிந்தால் அது முருகைக்கல், சுண்ணாம்பு. புளிப்பில் கரைந்து, வந்த புளிப்பையும் முறித்துவிடும், எதைப் பாதுகாக்க வைத்தோமோ அதையே கெடுக்கும். சிப்பியும் அப்படித்தான். பொரியாத கருங்கல் என்றால் அவித்தெடுத்து வைக்கலாம். அதைவிடச் சுலபம், போத்தல் வாய்க்குள் இறங்கக்கூடிய சின்னக் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைப்பது. தகர மூடி போடாதே, உப்பும் புளிப்பும் பட்டு இரண்டு கிழமையில் துருவாகிவிடும்.

கோவா மலைநாட்டிலிருந்து லொறியில் வந்து இறங்கும்போதே பாதி வாடிவிடுகிறது, எவ்வளவு பிசைந்தாலும் தண்ணீர் விடாது. அப்படியென்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு 30 கிராம் உப்புக் கரைத்து மூடுகிற அளவுக்கு ஊற்று. எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் தோட்டத்தில் பிடுங்கின கையோடு போடுவது முள்ளங்கி, பிஞ்சு வெள்ளரி, பச்சைமிளகாய், பயிற்றங்காய், புளிமாங்காய். முழுசாய்ப் போடுகிறவைக்கு உப்புத் தண்ணீர் கொஞ்சம் கடுமையாக வேணும், லீற்றருக்கு 50 கிராம். வெள்ளரியில் பூ இருந்த பக்கத்து நுனியைச் சின்னதாய் வெட்டி எறி, காயை மெதுவாக்குகிற சத்து அந்த நுனியில்தான் இருக்கிறது. அடியில் இரண்டு கொய்யா இலை போடு. அந்தத் துவர்ப்பு மொறுமொறுப்பைப் பிடித்து வைக்கும், கொய்யா இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை தேயிலைத்தூள்.

கச்சான் காலத்தில் நான் போத்தலை ஒரு சட்டித் தண்ணீரில் வைத்து, மேலே ஈரச்சீலையைப் போர்த்தி, சீலையின் நுனி தண்ணீரில் தொங்க விடுவேன். காற்று வறண்டு அடிப்பதால் ஈரம் காய்ந்துகொண்டே இருக்கும், தொட்டால் போத்தல் குளிரும். மாரியில் அந்த வேலை எடுபடாது, காற்றே ஈரம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போகக் கொதிக்கவைத்து ஆற்று, கிணறு உவர் என்றால் கடைத் தண்ணீரை எடு.

பிரஷர் உள்ளவர்கள் அளவோடு தின்ன வேணும், இது எல்லாமே உப்பு.

மணற்சேனை (கல்முனை):

சரி, முள்ளங்கி ஒன்று போட்டுத்தான் பார்ப்போம், அக்கா சொல்கிறபடியால். கேட்கிறேன், எங்கள் வளவில் மரமுந்திரிகைப் பழம் விழுந்து அழுகுகிறது. கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தை யாராவது போத்தலில் போட்டிருக்கிறீர்களா?

உப்புக்கல் (அக்கரைப்பற்று):

அந்தப் பழத்தில் சீனி கூட, சாறு பிழிந்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் கள்ளுத்தான் வரும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது செய்வது 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தில் குற்றம் அண்ணன். பிஞ்சாய், துவர்ப்பாய் இருக்கும்போதே துண்டு துண்டாய் வெட்டி, லீற்றருக்கு 50 கிராம் உப்புத் தண்ணீரில் பச்சைமிளகாயோடு போடுங்கள், மாங்காய் போடுகிற மாதிரியேதான். வெட்டும்போது கொட்டைத் தோட்டின் பால் கையில் படாமல் பாருங்கள், தோல் வெந்துவிடும்.