மணியை யார் வைத்திருப்பது

குழு: குணம் மாமா 31ஆம் நாள்

செவ்வாய், மாலை 6.40

பாலா: எல்லோருக்கும் வணக்கம். குணம் அண்ணாவின் 31ஆம் நாள் கிரியை, அந்தியேட்டி, வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஐயருடன் கதைத்துவிட்டேன். காலை 6 மணிக்கு முகத்துவாரம், பிறகு வீட்டுக்கிருத்தியம் வெள்ளவத்தை பிளாட்டில். மதியச் சாப்பாடு எத்தனை பேருக்கு என்று இன்றைக்கே சொல்லுங்கள், சமைக்கிறவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நிரோஷ்: 120

சுதன்: 120 பேரை எங்கே இருத்துவது? 80

நிரோஷ்: எட்டுச் செலவுக்கே 100 வந்தது மச்சான்

ஷர்மி: லிஃப்ட் வேலை செய்யுமா அன்றைக்கு?

சுதன்: சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்

கவிதா: சுதன் அண்ணா, அப்பாவின் நாய் மணியைப் பற்றி என்ன முடிவு? நான் வியாழன் இரவு வந்திறங்குகிறேன். திரும்பும்போது அம்மாவை 3 மாதத்துக்காவது ரொறன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு வரப் பார்க்கிறேன். அதற்கு முதல் அவனுக்கு ஓர் இடம் பார்க்க வேண்டும். நல்ல ஆட்கள் யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்.

சுதன்: என் வீட்டில் முடியாது. சின்னவனுக்கு இழுப்பு

ஷர்மி: நான் வைத்திருக்கிறேன் அக்கா

பாலா: என்னிடம் கேட்டாயா?

நிரோஷ்: 😀

பாலா: நாயைப் பற்றிக் கதைக்கிறபடியால் சொல்கிறேன். அண்ணி காலையிலும் பின்னேரமும் நாயைப் பிடித்துக்கொண்டு மரைன் டிரைவில் நடந்து திரிகிறாராம். எனக்கு 2 பேர் போன் எடுத்துச் சொன்னார்கள். 31 முடியும் மட்டுமாவது பொறுக்கலாம். ஐயர் வரும் நேரம் நாயைக் கீழே காவலாளியிடம் கட்டிவிட வேண்டும், மணிச் சத்தம் கேட்டால் குரைக்கும்.

நிரோஷ்: யார் அந்த 2 பேர் மாமா

பாலா: அது தேவையில்லை.

ஷர்மி: ஒன்று மஞ்சு அன்ட்டி

வாசுகி: பாலா மாமா, கவி, எல்லோருக்கும். நான் எழுதப்போவது நீளம், தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள். 3 கிழமையாக மாமியுடன் அந்த பிளாட்டில் படுக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். மாமா போன நாளிலிருந்து மணி அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் படுத்தவன், 4 நாள் சோறு தொடவில்லை, தண்ணீர் மட்டும்தான். நாங்கள் யாரும் அவனிடம் போய் "தைரியமாக இரு, நீ உடைந்துபோனால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்" என்று சொல்லவில்லை. படுக்க விட்டோம். 5ஆம் நாள் காலை ரயில் போன சத்தத்தில் எழும்பினான், முன்னங்கால் இரண்டையும் நீட்டிச் சோம்பல் முறித்தான், தலையிலிருந்து வால் வரை ஒருதரம் உதறினான், போய்க் கதவடியில் நின்றான். மாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "இவனுக்குப் போக வேண்டும்" என்று சொல்லிச் சங்கிலியை எடுத்தார். மாமா போன பிறகு மாமி தானாக எழும்பிச் செய்த முதல் காரியம் அதுதான். நான் சொல்லி எழும்பவில்லை, சுதன் சொல்லி எழும்பவில்லை. அதனால் நடப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நிரோஷ்: 🙏

சுதன்: சரி

கவிதா: மச்சாள், எனக்கு விளங்குகிறது. ஆனால் அம்மாவைத் தேற்ற ஒரு நாயா இருக்க வேண்டும்? இத்தனை பேர் இருக்கிறோமே.

சுதன்: நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்

கவிதா: அதற்கு என்ன அர்த்தம் அண்ணா?

சுதன்: ஒன்றுமில்லை. இருக்கிறோம் என்று சொன்னேன்

கவிதா: அப்பா விழுந்த இரவு எனக்கு 5 மணித்தியாலம் கழித்துத்தான் சொன்னீர்கள். சொல்லியிருந்தால் முதல் விமானத்திலேயே ஏறியிருப்பேன். முகத்தைக்கூட போனில்தான் பார்த்தேன்.

சுதன்: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

ஷர்மி: அண்ணா 😔

நிரோஷ்: வடை உளுந்தா கடலையா? சமைக்கிறவர் என்னையும் கேட்கிறார்

வாசுகி: நிரோஷ், கொஞ்சம் பொறு. கவி, அழாதே. அந்த இரவில் யாருக்கும் கையும் காலும் ஓடவில்லை, சுதன் உன்னை வேண்டுமென்று விடவில்லை. வந்து நேரில் கதையுங்கள், இங்கே எழுதினால் பிழையாகத்தான் போகும். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆட்கள் இல்லாமல் இல்லை, ஆட்கள் நிறைய. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், எப்படி நடந்தது என்று. மாமி அந்த இரவை முதலிலிருந்து சொல்ல வேண்டும்: குளியலறைச் சத்தம், கதவு, அம்புலன்ஸ். போன ஞாயிறு 11 தரம் சொன்னார். நான் எண்ணினேன். 11ஆம் தரம் சொல்லும்போது குரலே இல்லை, ஆனாலும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். மணி அப்படியான நாளில் என்ன செய்வான் தெரியுமா? 4ஆவது ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எழும்பி மாமியின் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். கூப்பிட்டாலும் வரமாட்டான். எல்லோரும் போய், மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும் நேரம் தானாக வெளியே வந்து மாமியின் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டு படுப்பான். அவனை யாரும் மரியாதை தெரியாதவன் என்று சொல்வதில்லை. மாமிக்கும் அப்படி ஒரு கட்டிலடி வேண்டும். அதைத்தான் நான் 3 கிழமையாக அவனிடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஷர்மி: கட்டிலடி ❤️

நிரோஷ்: எனக்கும் ஒன்று வேண்டும்

பாலா: துக்கம் விசாரிக்க வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்ல முடியாது வாசுகி. அது முறை இல்லை.

வாசுகி: வரவேண்டாம் என்று சொல்லவில்லை மாமா. பின்னேரம் 4 மணியிலிருந்து 6 மணி வரை என்று ஒரு நேரம் வைப்போம். எப்படி நடந்தது என்று கேட்டால் நானோ சுதனோ சொல்கிறோம். மாமி இருக்க விரும்பினால் இருக்கட்டும், அறைக்குள் போக விரும்பினால் போகட்டும்.

சுதன்: நான் சொல்கிறேன். எனக்குப் பிரச்சினை இல்லை

நிரோஷ்: நல்ல ஐடியா

பாலா: பார்ப்போம்.

மாலை 7.25

ஷர்மி: மச்சாள், எங்கள் பூனையும் அப்படித்தான், வீட்டில் சண்டை என்றால் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். நான் சோதனை நேரம் இரவிரவாகப் படிக்கும்போது மேசையில் வந்து படுத்து என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும். நானும் அப்படிச் செய்வேன். பிறகு வாசித்தேன், இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020இல் அதையே ஆராய்ந்திருக்கிறார்கள். நாங்கள் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டுமாம், கிட்டவும் வருமாம். அவசரமாகச் செய்ய முடியாது, அதற்காகவே நான் மூச்சை மெதுவாக விட வேண்டும்.

பாலா: சண்டை எங்கே நடந்தது நம் வீட்டில்?

ஷர்மி: 🤐

வாசுகி: நல்லதாகச் சொன்னாய் ஷர்மி. இன்னொன்றும் இருக்கிறது, இதை 30 வருடம் உயிரியல் படிப்பித்தவளாகச் சொல்கிறேன். பதற்றப்படும்போது எங்கள் மூச்சும் வியர்வையும் மணம் மாறும். 2022இல் பெல்ஃபாஸ்டில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்களுக்குக் கடினமான மனக்கணக்குக் கொடுத்து, முன்னும் பின்னும் அவர்களுடைய மூச்சையும் வியர்வையையும் துணியில் எடுத்து 4 நாய்களுக்கு மணக்கக் கொடுத்தார்கள். 100க்கு 90 தரத்துக்கு மேல் பதற்றப்பட்ட துணியைச் சரியாகக் காட்டின. ஆகவே மாமி "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்று எங்களிடம் சொல்லலாம், மணியிடம் அது எடுபடாது. இரவு 2 மணிக்கு மாமி விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார், சத்தமே இல்லை, பக்கத்தில் படுக்கும் எனக்கே தெரியாது, அவன் எழும்பி வந்து மூக்கால் கையைத் தட்டுவான். மாமி அவன் காதடியைத் தடவுவார். 10 நிமிடம், சிலவேளை கால் மணித்தியாலம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019இல் மாணவர்களை நாயையும் பூனையையும் 10 நிமிடம் தடவ விட்டுப் பார்த்ததில், உமிழ்நீரில் கார்ட்டிசோல், அதாவது மன அழுத்தத்தில் கூடுகிற ஹோர்மோன், குறைந்தது. தூரத்தில் நின்று பார்த்தவர்களைவிடத் தடவியவர்களுக்குத்தான் கூடுதலாகக் குறைந்தது. நான் மாமியிடம் இதெல்லாம் சொல்லவில்லை. அவர் தடவுகிறார், தூங்குகிறார். கவி, அவனைக் கொடுத்துவிட்டால் இரவு 2 மணிக்கு யார்?

கவிதா: …

கவிதா: அம்மா தூங்குவதில்லை என்று யாரும் சொல்லவில்லை எனக்கு

சுதன்: எனக்கும் தெரியாது

நிரோஷ்: ஹச்சிகோ மாதிரி. ஜப்பானில் 1935இல் சாகும் மட்டும் ஒவ்வொரு நாளும் ரயில் நிலையத்தில் இறந்துபோன எஜமானுக்காகக் காத்திருந்ததே அந்த நாய்

வாசுகி: அந்தக் கதையை மாமியிடம் சொல்லிவிடாதே நிரோஷ், கும்பிட்டேன். மணி காத்திருக்கவில்லை. 4 நாள் படுத்தான், எழும்பினான், செருப்பை இன்றைக்கும் மணந்து பார்த்துவிட்டுத்தான் நடைக்குப் போகிறான். மாமிக்கு அதுதான் காட்ட வேண்டியது.

பாலா: எல்லாம் சரி. கிரியை நடக்கும் இடத்தில் நாய் நிற்கக் கூடாது. அதில் மாற்றம் இல்லை.

வாசுகி: தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கே போகமாட்டேன் என்றவர் மாமா.

பாலா: அந்த நாய் தரும தேவதை. இது லிஃப்டில் சிறுநீர் கழித்து எனக்கு முகாமைத்துவக் குழுவிடம் பேச்சு வாங்கித் தந்த நாய்.

நிரோஷ்: 😂😂

சுதன்: அது குட்டியாக இருந்தபோது சித்தப்பா

நிரோஷ்: அப்போ வடை

சுதன்: உளுந்து

வாசுகி: உளுந்து வடை என்றால் ஒன்று சொல்ல வேண்டும். எட்டுச் செலவன்று யாரோ மணிக்கு வடை கொடுத்திருக்கிறீர்கள். வடையில் போடும் வெங்காயம் நாய்க்கு ஆகாது, பச்சையாக இருந்தாலும் பொரித்திருந்தாலும். இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

நிரோஷ்: நான்தான் அக்கா. ஒன்றுதான். முகத்தைப் பார்த்தான்

ஷர்மி: சொக்லேட், திராட்சையும் கூடாது. கவி அக்கா கொண்டுவரும் சொக்லேட்டை மேலே வையுங்கள்

கவிதா: சரி. அவனுக்கு ஊசி எல்லாம் போட்டிருக்கிறதா?

சுதன்: விசர் தடுப்பூசி அப்பாதான் வருடாவருடம் கொண்டுபோய்ப் போடுவார். அட்டை எங்கே என்று தெரியவில்லை

வாசுகி: மாமாவின் அலுமாரியில், வங்கிப் புத்தகங்களோடு ஒரே உறையில். அடுத்த மாதம் போட வேண்டும்.

சுதன்: நான் கொண்டுபோகிறேன்

ஷர்மி: ஒன்று சொல்லட்டுமா. பெரியம்மாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்

நிரோஷ்: ஐயோ

சுதன்: யார் சேர்த்தது?

பாலா: நான். சாப்பாட்டுக் கணக்குக்காக.

ஷர்மி: எல்லாச் செய்தியையும் வாசித்திருக்கிறார்

புதன், காலை 5.35

ராணி: 🎤 குரல் பதிவு 2.10

நிரோஷ்: பஸ்ஸில் நிற்கிறேன், கேட்க முடியவில்லை. யாராவது எழுதுங்கள்

வாசுகி: மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கவி, நீ முதலில் வா. ரொறன்ரோவைப் பற்றி வந்த பிறகு கதைப்போம், இப்போது ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மணியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். 2020 ஊரடங்கு நேரம் இவர் அவனைத் தண்டவாளத்தடியிலிருந்து துவாயில் சுற்றிக்கொண்டு வந்தபோது நான் 3 நாள் குசினிக்குள் விடவில்லை, இவருடனும் கதைக்கவில்லை. இப்போது காலையில் அவனுக்குச் சோறு பிசைந்து வைக்கும்போது நானும் அடுப்படியில் நின்றபடி 2 வாய் சாப்பிடுகிறேன். மேசையில் தட்டு வைத்து இருக்க இன்னும் மனம் வரவில்லை. அவன் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான், நான் வாயில் வைத்தால்தான் அவனும் குனிவான். பாலா, நீ சொல்வது சரி, கிரியை நேரம் அவனை அறைக்குள் விடுகிறேன், கீழே கட்ட மாட்டேன். மஞ்சு என்ன சொன்னாலும் நான் நடப்பேன். வாசுகி சொன்ன 4 மணி நல்லது, ஆனால் கொட்டாஞ்சேனை ஆட்கள் காலையில்தான் வருவார்கள், அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்." அவ்வளவுதான்.

ஷர்மி: பெரியம்மா ❤️

கவிதா: அம்மா, நின்றுகொண்டா சாப்பிடுகிறீர்கள்

கவிதா: நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன். மேசைக்கு வரத் தேவையில்லை

சுதன்: நானும் காலையில் வருகிறேன் அம்மா. பான் வாங்கிக்கொண்டு

ராணி: சம்பல் அரைக்கிறேன்

சுதன்: கவி, வியாழன் விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். வாகனம் பிடிக்காதே

கவிதா: சரி அண்ணா

நிரோஷ்: அப்போ 4 மணி என்று எல்லோருக்கும் சொல்லவா, கொட்டாஞ்சேனை தவிர?

வாசுகி: தெஹிவளைப் பெரியம்மாவும் காலையில்தான் வருவார்.

நிரோஷ்: அப்போ பாதிப் பேர் காலையில்

வாசுகி: காலையில் வருகிறவர்களுக்கு நான் வாசலிலேயே சொல்கிறேன்.

பாலா: சாப்பாடு 100 என்று சொல்லிவிடவா?

சுதன்: 90

நிரோஷ்: 110. வெங்காயம் போடாமல் கொஞ்ச வடை தனியாக

ராணி: நடைக்குப் போகிறோம்

பாலா: அண்ணி, கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. குடை கொண்டு போங்கள்.

சுதன்: 95 என்று சொல்லுங்கள் சித்தப்பா

பாலா: கவிதா வந்த பிறகு சொல்கிறேன்.