சாய நிற ஓடையும் எங்கள் பீலியும்

கம்பஸில் கடைசி வருட ஆய்வுக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு, நீரில் கரைந்திருக்கும் சேதனப் பொருள், அதாவது இலை, கழிவு போன்றவற்றிலிருந்து வரும் காபன் கொண்ட பொருள். பட்டிப்பொலைப் பக்கம் காட்டோரமாக இறங்கும் ஓர் ஓடையையும், எங்கள் தோட்டத்து லயத்துக்குக் கீழே நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியையும் எடுத்துக்கொண்டேன். ஓடைத் தண்ணீர் பால் விடாத வெறும் தேத்தண்ணியின் நிறம். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தால் ஒரு மண் துகள்கூடத் தெரியாது. "அது அழுக்கில்ல, காட்டு எலையோட சாயம்" என்பார் அம்மாயி.

முதல் மூன்று வார வேலையும் வீண். வடிதாளைக் கழுவாமலே பாவித்திருந்தேன். தூய நீரை வடித்துப் போட்டாலும் கருவி காபன் காட்டியது, தாளிலிருந்தே கசிந்திருக்கிறது! அப்புறம் கண்ணாடி நார் வடிகட்டிகளுக்கு மாறி, அவற்றை 450 பாகையில் 4 மணி நேரம் சுட்டெடுத்தேன். மாதிரிகளைக் கபில நிறப் போத்தலில், ஐஸ் பெட்டிக்குள் கொண்டுவந்தேன். வெயில் பட்டால் அந்தச் சாயம் வெளுத்துவிடும்.

அமிலம் விட்டு, காற்று ஊதி, காபனேற்றைப் போக்கிய பிறகு நீரை 680 பாகையில் எரித்து, வரும் காபனீரொட்சைட்டை அளந்தோம். 254 நானோமீட்டரில் புற ஊதா உறிஞ்சலும் பார்த்தோம். ஒரு மீட்டருக்கான உறிஞ்சலை லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் காபன் என்பதால் வகுத்தால் ஓடைக்கு 4க்கு மேல் வந்தது. இலையும் கட்டையும் உக்கி வரும் ஹியூமிக் பொருளின் அடையாளம் அது. அம்மாயி சொன்னது சரிதான்.

என்னை உலுக்கியது பீலித் தண்ணீர். கண்ணாடி மாதிரித் தெளிவு. சின்ன வயதிலிருந்து கையேந்திக் குடித்தது. ஆனால் 275 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால் 340க்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தது. புரதம் கலந்த நீர் அப்படித்தான் ஒளிரும், கழிவு நீரில் அது தூக்கலாக இருக்கும். கிருமிப் பரிசோதனையும் அதையே உறுதி செய்தது. மேலே இருக்கும் லயத்துக் கக்கூஸ் குழிகள்தான் உடனே மனதில் வந்தன. அன்று இரவே அம்மாவுக்குப் போன் எடுத்து, கொதிக்க வைக்காமல் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம் என்றேன்.

ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, குளோரீன் போட்டுக் கொடுக்கலாம் என்று தோட்டத்தில் பேச்சு வந்தது. நான் தடுத்தேன். அந்தச் சாயத்தோடு குளோரீன் சேர்ந்தால் குளோரோபோம் போன்ற கெடுதலான பொருட்கள் உருவாகும். நெதர்லாந்தில் ரூக் என்ற வேதியியலாளர் 1974இலேயே இதை எழுதிவிட்டார். கிருமியைக் கொல்லக் குளோரீன் வேண்டும்தான், ஆனால் முதலில் சாயத்தை இறக்க வேண்டும். முன்பு வகுத்துப் பார்த்த அந்த எண் 4க்கு மேல் போகும் நீருக்கு அது அவ்வளவு கஷ்டமில்லை.

அம்மாயி முன்னாலேயே ஒரு வாளியில் படிகாரமும் துளி சுண்ணாம்பும் போட்டுக் கலக்கிக் காட்டினேன். மெல்ல மெல்லக் கபில நிறப் பொட்டுகள் திரண்டு அடியில் இறங்கின. மேல் தண்ணீரை ஒரு கிளாசில் மொண்டு, வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.